குழந்தைக்கு வீட்டிலேயே கர்சிவ் எழுத்தைப் பழக்குவது எப்படி?

ஆங்கிலத்தைச் சேர்த்து எழுதும் கர்சிவ் முறையைக் கற்பிக்க அமரும் பெற்றோர் பலர், ஏ-யில் தொடங்கி இஸட் வரை வரிசையாகவே போகிறார்கள். அந்த வரிசை மனப்பாடத்துக்கு உதவும். எழுதும் கைக்கு உதவாது. ஒரே விதமாகக் கை அசையும் எழுத்துகளைக் குழுவாகப் பழக்குவதே நல்லது.

தனித்தனி எழுத்துகளைத் தடுமாறாமல் எழுதத் தெரிந்த பிறகு, பெரும்பாலும் 7 அல்லது 8 வயதில், இதைத் தொடங்கலாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பென்சிலைப் பிடிக்க, நடுவிரல் கீழிருந்து தாங்க வேண்டும். வலக்கையால் எழுதும் குழந்தைக்குத் தாளின் மேற்பகுதி இடப்பக்கமும், இடக்கையால் எழுதும் குழந்தைக்கு வலப்பக்கமும் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். தாளின் பின்பக்கத்தைத் தடவும்போது மேடு தட்டினால், குழந்தை அளவுக்கு மீறி அழுத்துகிறது என்று பொருள். அப்போது விரல்களைத் தளர்த்தச் சொல்ல வேண்டுமே தவிர, எழுத்தைத் திருத்தக் கூடாது.

முதலில் ஐ, யூ, டபிள்யூ ஆகிய சிறிய எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே அடிக்கோட்டிலிருந்து ஏறி, இறங்கி, மீண்டும் வாலாக ஏறுபவை. அடுத்து ஈ, எல்: இரண்டும் ஒரே சுழிதான், நான்கு கோட்டு நோட்டில் ஒன்று நடு இரு கோடுகளுக்குள் நிற்கும், மற்றொன்று மேல்கோட்டைத் தொடும். பிறகு இடப்புறமாக வளையும் சி, ஏ, ஓ. அதன்பின் மேடு மேடாக எழும் என், எம்.

இரண்டு எழுத்துகள் கைவந்தவுடனேயே அவற்றைச் சேர்த்து எழுத வையுங்கள். ஏனெனில் கர்சிவ் எழுத்தின் உயிர் இணைப்பில்தான் இருக்கிறது. எழுத்து அழகாக இருந்தும் இணைப்புத் தவறினால் சொல்லே மாறிவிடும். ஓ, வி, டபிள்யூ போன்றவை மேலேயே முடிவதால், அவற்றின் இணைப்புக்கோடு அடிக்கோட்டுக்கு இறங்காமல் மேலேயே சென்று அடுத்த எழுத்தைத் தொட வேண்டும். ஓ-வுக்கு அடுத்து என் எழுதும் குழந்தையைக் கவனியுங்கள்: வழக்கம்போல் கோட்டைக் கீழே இழுத்தால், ஓ பார்ப்பதற்கு ஏ ஆகிவிடும். இந்த ஒரு இணைப்புக்கென்றே சில நாட்களை ஒதுக்கினாலும் தகும். ஐ-யின் புள்ளியைச் சொல் முழுவதும் முடிந்த பின்னரே வைக்கப் பழக்குங்கள். இடையில் கையெடுத்தால் ஓட்டம் அறுந்துவிடும்.

புள்ளிகளின் மேல் எழுதும் பயிற்சி ஓரிரு வரிகளுக்குப் போதும். அதற்கு மேல் போனால் குழந்தை புள்ளியைப் பார்த்து நின்று நின்று வரையுமே ஒழிய, எழுதாது. நாளொன்றுக்குப் 10 முதல் 15 நிமிடங்கள் பழகினால் போதுமானது. வரி முடிந்ததும், அதில் மிக நன்றாக வந்த எழுத்தைக் குழந்தையே வட்டமிடட்டும். பிழையை நீங்கள் சுட்டுவதைவிட இது விரைவில் கண்ணைப் பழக்கும். தண்டனையாக எழுதவைப்பதை மட்டும் அறவே தவிர்த்துவிடுங்கள்.

பெரிய எழுத்துகளுக்கு அவசரமில்லை. அவற்றுள் பல அடுத்த எழுத்தோடு இணைவதே இல்லை என்பதால், குழந்தையின் பெயருக்குரிய முதல் எழுத்தை மட்டும் இப்போது கற்பித்துவிட்டு, மற்றவற்றைச் சிறிய எழுத்துகள் நன்கு பழகிய பின் எடுத்துக்கொள்ளலாம்.