ஆச்சி வீட்டுக் கடல்: கோடை விடுமுறையில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் அம்மா வீடு, பிள்ளைகளுக்கு ஆச்சி வீடு, குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையே இருக்கிறது. வாசலைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்தால் மணல். பள்ளி மூடியதும் சென்னையிலிருந்து என் பிள்ளைகள் இருவரும், மதுரையிலிருந்து அண்ணனின் பிள்ளைகளும் அங்கே வந்து சேர்வார்கள். பத்துக் கோடைகள் இப்படிப் போயிருக்கின்றன. ஓட்டலில் தங்கும்போது நாம் காட்டும் எச்சரிக்கையில் பாதிகூட அம்மா வீட்டில் காட்டுவதில்லை என்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். நம் ஊர்தானே, நம் கடல்தானே, வீடு நிறைய ஆட்கள் இருக்கிறார்களே என்று மனம் தளர்ந்துவிடுகிறது. பிறந்த வீட்டுக்குப் போவதே அந்தத் தளர்வுக்காகத்தான். அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சிறு குழந்தைகளோடு கடலோர வீட்டுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பொங்கலுக்குப் பார்த்த கடல் மே மாதம் இருக்காது

பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் காலமும் எங்கள் பக்கக் கடல் சீறத் தொடங்கும் காலமும் ஒன்று. ஜனவரி, பிப்ரவரியில் குளம்போலக் கிடக்கும் கடல், தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கும் மே மாதத்தில் வேறு முகம் காட்டும். ஜூன் தொடக்கத்தில் மழையும் வந்துவிடும். இந்த மாதங்களில் அலைகள் கரை மணலை அரித்துக்கொண்டு போவதால், பொங்கலுக்கு வந்தபோது குழந்தை கணுக்கால் தண்ணீரில் விளையாடிய அதே இடம் இப்போது செங்குத்தாகச் சரிந்து நிற்கும். இரண்டு அடி வைத்தால் இடுப்பளவு. 'போன தடவை இங்கேதானே விளையாடினார்கள்' என்ற நினைவை நம்பிக் குழந்தையை இறக்கிவிடுவது முதல் தவறு. ஒவ்வொரு நாளும் பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி, தரை எப்படி இருக்கிறது என்று காலால் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் தண்ணீரைத் தொட வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்துக்கு எங்கள் ஊரில் 'கள்ளக்கடல்' என்று பெயர். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களால் உருவாகும் நீண்ட அலைகள் பல நாட்கள் பயணம் செய்து நம் கரையை வந்தடைகின்றன. இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது, ஆனால் கடல் திடீரென்று பொங்கிக் கரையேறும். கள்ளனைப்போலச் சொல்லாமல் வருவதால்தான் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று எங்கள் மாவட்டத்தின் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாள் அது. வளர்ந்த இளைஞர்களையே இழுத்துக்கொண்ட கடலில், கையைப் பிடித்திருக்கிறோம் என்ற தைரியத்தில் நான்கு வயதுக் குழந்தையை நிறுத்தக் கூடாது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது; உள்ளூர்ச் செய்திகளிலும் வரும். காலையில் பால் காய்ச்சும்போதே அதைப் பார்த்துவிடலாம். எச்சரிக்கை இருந்தால் அன்று மணலுக்கும் போக வேண்டாம். மாடியிலிருந்து கடலைப் பார்த்தால் போதும். பிள்ளைகள் அழுவார்கள், அழட்டும்.

அலை இல்லாத இடம்

நகரத்திலிருந்து வரும் பெற்றோர் ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கரையோரமாக நடந்து, இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் அலையே எழாத ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். 'இங்கே அமைதியாக இருக்கிறது, இங்கே குளிக்கலாம்' என்பார்கள். கரைக்கு வந்த தண்ணீர் மொத்தமும் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி பல நேரங்களில் அதுதான். அங்கே ஆழம் கூடுதல் என்பதால் அலை உடைவதில்லை, தண்ணீர் சற்றுக் கறுத்துத் தெரியும், கலங்கிய மணலும் நுரையும் கடல் பக்கமாக நகரும். அந்த ஓட்டம் ஆளை ஆழ்கடலை நோக்கி இழுக்கும். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திச் சோர்ந்துவிடக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து ஓட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும். இதைப் பெரியவர்கள்தான் தெரிந்துவைத்துக்கொள்ள முடியும். சிறு குழந்தைக்கு இதைச் சொல்லித் தந்து காப்பாற்ற முடியாது. அந்த இடத்துக்கே போகாமல் இருப்பதுதான் வழி.

தூண்டில் வளைவுகளின் ஓரமும் இப்படித்தான். கடலரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் அந்தச் சுவர்களை ஒட்டி இழுப்பு அதிகமாக இருக்கும். மேலே ஏறி நின்று படம் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பாசி படர்ந்த பாறை எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். பாறைகளுக்கு இடையே உள்ள பொந்துகளில் ஒரு குழந்தையின் கால் எளிதாகச் சிக்கிக்கொள்ளும், ஒட்டியிருக்கும் சிப்பிகளின் விளிம்பு பிளேடுபோல அறுக்கும். பிள்ளைகள் பாட்டா என்று கூப்பிடும் என் அப்பா, எங்களைச் சிறு வயதில் பாறைப் பக்கம் விட்டதே இல்லை. அவர் காரணம் சொன்னதில்லை, ஒரு முறைப்புதான். இன்று எனக்குக் காரணம் தெரிகிறது.

காற்று ஊதிய வளையங்களை நம்புவதும் தவறு. விடிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். எடையே இல்லாத அந்த வளையம் குழந்தையோடு சேர்ந்து உள்ளே நகரும், துரத்திப் பிடிப்பது கடினம். உடம்போடு வார் கட்டும் உயிர்காப்பு உடுப்பு வாங்கித் தாருங்கள். அதைப் போட்டிருந்தாலும் ஒரு கை எட்டும் தூரத்திலேயே இருங்கள்.

பதினொரு பேர் இருந்த கரையில்

என் மகனுக்கு நான்கு வயதானபோது நடந்தது. மாலை நேரம். அண்ணன், மதினி, சித்தி, அவர் மகள்கள் என்று பெரியவர்கள் பதினொரு பேர் கரையில் இருந்தோம். சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் பையன் இல்லை. அவன் தன்னோடு இருக்கிறான் என்று அண்ணன் நினைக்கவில்லை, மதினியும் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்திருந்தோம். கரையேற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் மறுபக்கத்தில் மணல் தோண்டிக்கொண்டிருந்தவனை, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எங்கே போயிருப்பான் என்று அங்கே தேடினேன். இன்னும் அந்த மாலை எனக்குள் ஆறவில்லை.

நீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. வாய் தண்ணீர் மட்டத்தில் இருப்பதால் குரல் வராது, சத்தமே இல்லாமல் முடிந்துவிடும். உலக அளவில் நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடையேதான் மிக அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அதன் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். அம்மாவின் சிவப்புக் கரைபோட்ட தோர்த்து, அதாவது துண்டு, யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் அந்த நேரத்துக் காவல். இருபது நிமிடம். அதுவரை போன் கிடையாது, பேச்சு கிடையாது, பிள்ளைகள்மேல்தான் கண். அடுத்தவர் தோளில் தோர்த்தைப் போட்டு 'உன்னிடம்' என்று சொன்ன பிறகுதான் விலகலாம். முதலில் சிரித்த மதினிதான் இப்போது தோர்த்தை மறக்காமல் எடுத்து வருகிறார். இந்தக் காவலை அறுபது வயது தாண்டிய ஆச்சியிடமும் பாட்டாவிடமும் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு அன்பு நிறைய உண்டு, ஓடிப்போய்த் தூக்க முழங்கால் இல்லை.

ஏதாவது நடந்துவிட்டால் ஊரில் உடனே செய்வது குழந்தையைத் தலைகீழாகத் தூக்கி வயிற்றை அமுக்குவது. தண்ணீரை வெளியேற்ற என்று நினைத்துச் செய்கிறார்கள். அந்த நேரத்தில் குழந்தைக்குத் தேவை மூச்சு. மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, பிறகு 30 நெஞ்சு அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று தொடர வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இதை ஒரு பயிற்சியில் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், படித்தால் மட்டும் கை வராது. தண்ணீர் குடித்துப் பிழைத்த குழந்தை எழுந்து ஓடினாலும், இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கடலில் யாராவது தத்தளித்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. எல்லாவற்றுக்கும் முன்பாக, கரையில் இருக்கும் மீனவரைக் கூப்பிடுங்கள். நீச்சல் தெரியாத தகப்பன் பின்னாலேயே குதிப்பதால் இரண்டு உயிர் போகிறது. காலி கேன், கயிறு, எது கிடைத்தாலும் எறியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கரை மீனவர்கள் வேலை செய்யும் இடம். கரையில் நின்றே இழுக்கும் பெரிய வலையான கரமடியை இழுக்கும் நேரத்தில் கயிற்றுக்குக் குறுக்கே பிள்ளைகள் ஓடக் கூடாது. பைபர் படகுகள் அலையோடு சேர்ந்து வேகமாக மணலில் ஏறும், நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. காயும் வலைமேல் மிதிக்கக் கூடாது, தூண்டில் முள் கிடக்கும் என்பதால் செருப்பைக் கழற்றக் கூடாது. குழந்தைகளுக்கு இதை முதல் நாளே அங்கேயே நின்று காட்டிக்கொடுத்தால் அழகாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கடலுக்குப் பயந்து வீட்டை மறந்துவிடுகிறோம்

கரையில் கண்ணாக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் 'அப்பாடா' என்று படுத்துவிடுகிறோம். ஆச்சி வீட்டில் சிறு குழந்தை வளர்ந்து முப்பது வருடம் ஆகிவிட்டது; அந்த வீடு இப்போது இரண்டு முதியவர்களுக்கான வீடு. சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் கட்டில் ஓரத்திலும் சாமி படத்துக்குக் கீழேயும் இருக்கும். சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளில் ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் சிறு குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். போன அன்றே, பையைப் பிரிப்பதற்கு முன்பாக, மாத்திரைகள் அனைத்தையும் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பாட்டாவுக்கு அந்த இடத்தைக் காட்டி, வேளைக்கு எடுத்துக்கொடுக்கும் பொறுப்பையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர் ஒரு வேளை மாத்திரையை விட்டுவிடுவார். பழைய குளிர்பான பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். கிணற்றுக்கு வலை, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, குளியலறை வாளியைக் கவிழ்த்து வைப்பது ஆகிய மூன்றையும் முதல் மாலையே முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டில் நான் ஆச்சியின் பக்கம். பிள்ளைகளுக்கு என்று நகரத்திலிருந்து நூடுல்ஸ் பாக்கெட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு போவது அவரைப் புண்படுத்தும் காரியம். சாளைக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் இருக்கும் வீட்டில் அதற்கு இடமில்லை. முள் பார்த்து எடுத்துக் கொடுக்கும் பொறுமை நமக்கு இருந்தால் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தேன் தடவுவது பழைய வழக்கம். தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி விதைகள் அந்த வயதில் கைகால் தளரும் கடும் நோயை உண்டாக்கலாம். இதை எல்லோர் முன்னாலும் சொல்லி அவரைக் குற்றவாளியாக்கக் கூடாது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே போனில், 'அம்மா, டாக்டர் தேன் வேண்டாம் என்றார்' என்று சொல்லிவிட்டால் அது சண்டை ஆகாது.

மீன் விஷயத்தில் ஒன்று. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டும் பொருந்தும் என்பதால் கோடை முழுவதும் மீன் விலை ஏறியே இருக்கும். நெய்மீன் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும் முன், பாட்டா தன் ஓய்வூதியத்திலிருந்து அதை வாங்குகிறார் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் போன அன்றே வீட்டுச் செலவுக்கு ஒரு தொகையை அம்மாவின் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம். கையில் கொடுத்தால் வாங்க மாட்டார்.

ஊர் சுற்றும் பட்டியலையும் குறைத்துக்கொள்ளுங்கள். திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, விடுமுறையில் படகுக்கான வரிசை மிக நீளம். மூன்று வயதுக் குழந்தையையும் முழங்கால் வலிக்காரரையும் அந்த வெயிலில் நிறுத்துவது கொடுமை. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம், நிழல் உண்டு, திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. பத்து நாளில் இரண்டு இடம் போதும். காலை பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை கடற்கரையும் வேண்டாம், பயணமும் வேண்டாம். நுங்கும் பதநீரும் திண்ணையும் அதற்காகத்தான் இருக்கின்றன. அந்த மதிய நேரத்தில் ஆச்சி உறங்க வேண்டும். பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு நாம் உறங்கிப்போவதை நானே பல வருடம் செய்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பின் அவர் இரண்டு வாரம் முதுகுவலியில் கிடந்தார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசி நாளில் நடக்கும் தவறு ஒன்று மிச்சம் இருக்கிறது. மாலை ரயிலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது, 'ஒரே ஒரு தடவை காலை நனைத்துவிட்டு வருகிறோம்' என்று பிள்ளைகள் கேட்பார்கள். எல்லோர் கையிலும் வேலை இருக்கும், யாரோ ஒருவர் 'போய்விட்டு வாருங்கள்' என்று சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் கடலுக்கு விடைசொல்வதை முந்தைய நாள் மாலையே முடித்துவிடுகிறோம். அன்று இரவே அம்மா தோர்த்தைத் துவைத்துக் கொடியில் போட்டுவிடுவார். மறுநாள் கிளம்பும் வரை அது கொடியில்தான் கிடக்கும். அது கொடியில் கிடந்தால் கடல் கிடையாது என்பது சின்னவளுக்கும் தெரியும்.