மலைநாட்டு வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலச் சிலந்தி: அடிக்காமல் சமாளிக்கும் முறை

லண்டன், டொரொண்டோ, சூரிச் என்று எங்கிருந்து வந்து கண்டி, ஹட்டன், பதுளை, பண்டாரவளைப் பக்கம் வீடு எடுத்தாலும், ஒரு நாள் இரவு லைட்டைப் போட்டதும் சுவரில் அது இருக்கும். பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, நண்டு மாதிரி பக்கவாட்டில் விரித்த கால்கள். வலை எதுவும் இருக்காது. இது வேட்டைச் சிலந்தி. அறிவியல் பெயர் ஹெட்டரோபோடா வெனடோரியா. உடம்பு மட்டும் 2 முதல் 3 செ.மீ.; கால்களோடு சேர்த்தால் 7 முதல் 12 செ.மீ. வரை வரும். வெப்ப நாடுகள் எல்லாவற்றிலும் மனிதர் குடியிருக்கும் இடங்களில் பரவிய இனம். கரப்பான் பூச்சி, சுவர்க்கோழி, விட்டில் ஆகியவற்றைத் துரத்திப் பிடித்துத் தின்னும். நசுக்கினாலோ கையால் பிடித்தாலோ கடிக்கும், வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை.

இந்தச் சிலந்தியால் வரும் காயத்தை விட, அதைப் பார்த்த பதற்றத்தில் வரும் காயம்தான் அதிகம்: ஸ்டூலில் ஏறி விழுவது, இருட்டில் படியில் தடுக்குவது, மூடிய அறைக்குள் பூச்சி மருந்தை அடித்து மூச்சு முட்டுவது. ஆகவே அதைப் பார்த்த முதல் இரண்டு நிமிடங்களில் ஒன்றும் செய்யாதீர்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். குழந்தையையும் பூனையையும் அறைக்கு வெளியே விடுங்கள். சிலந்தி இருப்பது சமையலறையிலோ ஸ்டோரிலோ இஸ்தோப்பிலோ (முன் விறாந்தையிலோ) என்றால், எங்கள் யோசனை அதை அங்கேயே விட்டுவிடுவதுதான். படுக்கையறை என்றால் வெளியே கொண்டுபோய் விடலாம்.

இங்கிலாந்தில் இருந்து வருபவர்கள் ஒன்றை மறக்க வேண்டும். அங்கே இலையுதிர் காலத்தில் குளியல் தொட்டிக்குள் விழுந்து ஏற முடியாமல் கிடக்கும் வீட்டுச் சிலந்தி வேறு இனம். அதன் கால்களுக்கு வழுவழுப்பான பரப்பில் பிடிப்பில்லை. இங்குள்ள வேட்டைச் சிலந்தியின் கால் நுனியில் அடர்ந்த நுண்மயிர்க் கற்றை உண்டு. கண்ணாடியிலும் டைல்ஸிலும் சர்வசாதாரணமாக ஏறும். மூடாத பேசினில் போட்டு வாசல் வரை தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால் பாதி வழியில் உங்கள் கையில் இருக்கும்.

பிடிப்பது எப்படி

வேண்டியவை இரண்டே. வாய் அகலம் குறைந்தது 15 செ.மீ. உள்ள, உள்ளே தெரியக்கூடிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று. டப்பாவின் வாயை விட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டிய மட்டை ஒன்று. பழைய காலண்டரின் பின் அட்டை மிகப் பொருத்தம்: வளையாது, சுவரோடு ஒட்டி நழுவும். பெட்டி மட்டை தடிப்பு, விளிம்பில் கால் மாட்டும். டீ கிளாஸால் முயற்சி செய்யாதீர்கள். வாய் சின்னது, கால் வெளியே நிற்கும், அழுத்தினால் கால் கழன்றுவிடும். வளரும் சிலந்திக்கு அடுத்தடுத்துத் தோலுரிக்கும்போது அது மறுபடி முளைக்கும். முழு வளர்ச்சி அடைந்த ஆண் இனித் தோலுரிக்காது. போன கால் போனதுதான்.

சிலந்தியின் கால்களில் காற்றசைவை உணரும் மெல்லிய மயிர்கள் உண்டு. கண்ணை விட இவற்றைத்தான் அது அதிகம் நம்பும். எனவே டப்பாவை வீசி அமுக்கினால், டப்பாவுக்கு முன்னே தள்ளப்படும் காற்று பட்டதும் ஓடிவிடும். டப்பாவைச் சுவருக்கு நேராகப் பிடித்து, முகத்தைத் திருப்பி மூச்சு படாமல், மிக மெதுவாக 10 செ.மீ. தூரம் வரை கொண்டுபோங்கள். கடைசி 10 செ.மீ. மட்டும் ஒரே சீராக, நிற்காமல். டப்பா சுவரில் பதிந்ததும் ஒரு கை அதை விடக் கூடாது. மற்றக் கையால் மட்டையை ஒரு பக்கமிருந்து நுழைத்து, கால் தடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். சிலந்தி தானே காலைத் தூக்கி மட்டையில் வைக்கும். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். முழுதும் மூடியதும் மட்டையைச் சுவரோடு அழுத்தி, இரண்டையும் சேர்த்து எடுங்கள்.

பழைய பங்களாக்களின் சுண்ணாம்புச் சுவரும் பலகைச் சுவரும் சமமாக இருக்காது. டப்பாவின் ஓரத்தில் இடைவெளி விழும். உடம்பு தட்டை என்பதால் அரை செ.மீ. இடைவெளி அதற்குப் போதும். அந்த மாதிரிச் சுவரில் பிடிக்க முயலாமல், டப்பாவை ஒரு பக்கமாக நகர்த்தி சிலந்தியை டைல்ஸ் சுவருக்கோ கதவுப் பலகைக்கோ நகர வையுங்கள். கூரையில் இருந்தால் விட்டுவிடுங்கள், இறங்கி வரும். தும்புத்தடியால் தட்டவே கூடாது. தட்டினால் அது தப்பிக்கும் வழி தடிதான்: நேராகத் தடியைப் பிடித்துக் கைப்பக்கம் ஓடி வரும். அது உங்களைத் தாக்க வருவதில்லை, கிடைத்த பாதையில் ஓடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் அது விளங்காது.

வெளியே விடும்போது ஜன்னலடியில் விடாமல் 15, 20 மீட்டர் தள்ளி, மரத்தடியிலோ விறகுக் கொட்டிலிலோ விடுங்கள். மழையோ பனியோ என்றால் கூரை உள்ள இடமாகப் பாருங்கள். பகலில் திறந்த வெளியில் விட்டால் பறவை கொத்திவிடும். இருட்டிய பிறகு விடுவது நல்லது.

வயிற்றின் கீழே வெள்ளை வட்டத் தட்டு மாதிரி ஒன்றை அணைத்திருந்தால் அது முட்டைப் பை. உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். இந்தத் தாயைத்தான் தயங்காமல் வெளியே கொண்டுபோக வேண்டும், அதுவும் குஞ்சு பொரிக்கும் முன். பையைக் காக்கக் கடிக்கத் தயாராக இருக்கும், ஆகவே மட்டையை இன்னும் மெதுவாகத் தள்ளுங்கள். திரைச்சீலையில் அசையாமல் தொங்கும் ‘செத்த சிலந்தி’ பெரும்பாலும் உரித்த தோல்தான். முன்பக்க ஓடு மூடி மாதிரித் திறந்திருக்கும், உள்ளே வெறுமை, கால்கள் உள்ளீடற்ற குழாய்கள். சட்டையை உரித்த சிலந்தி அதே அறையில் எங்கோ இருக்கிறது, முன்னை விடச் சற்றுப் பெரிதாக.

ஸ்ப்ரே ஏன் வேண்டாம்

கடையில் விற்கும் பூச்சி ஸ்ப்ரே கரப்பானுக்கும் நுளம்புக்கும் செய்தது. சுவரில் அடித்து வைத்த மருந்து, கால் நுனியால் மட்டும் அதைத் தொடும் சிலந்தி மேல் போதிய அளவு படுவதில்லை. நேராக அடித்தாலும் உடனே சாகாமல் வெறி பிடித்த மாதிரி ஓடும், கூரையில் இருந்து கட்டிலில் விழும். குளிருக்காக ஜன்னல் எல்லாம் மூடிய மலைநாட்டு அறையில் அந்தப் புகை வெளியேற வழியில்லை. இந்த மருந்துகள் சிலவற்றில் சேரும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. பூச்சி உருண்டை, புதினா எண்ணெய், பிளக்கில் குத்தும் ‘ஒலி’ கருவி எதையும் நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள்.

இன்னொரு பெரிய சிலந்தி

டப்பாவைக் கையில் எடுக்கும் முன் இதைச் சரி பார்த்துக்கொள்ள வேண்டும். கால் மெலிந்ததா, பருத்ததா? பருத்த, அடர்ந்த மயிர் மூடிய கால், சாம்பலும் பழுப்பும் கலந்த புள்ளி வேலைப்பாடு, வயிற்றின் முதுகில் இலை விளிம்பு மாதிரி வெளிர் பட்டை, காலோடு 15 செ.மீ.க்கும் மேல் என்றால் அது புலிச் சிலந்தி, பொயிசிலோதேரியா பேரினம். அக்கம்பக்கத்தில் கேட்டால் சிங்களத்தில் ‘திவி மகுளுவா’ என்பார்கள். சீண்டினால் முன்கால்களைத் தூக்கி நிற்கும். அப்போது பல இனங்களில் காலின் அடியில் மஞ்சள் தெரியும். மரப்பொந்தில் வாழ்வது, பழைய மரக்கூரை, கதவு நிலையின் பின் இடுக்கு, விறகு வழியாக வீட்டுக்குள் வரும். மலைநாட்டில் உள்ள பொயிசிலோதேரியா சப்பஸ்கா இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். இந்தப் பேரினம் முழுவதையும் 2019இல், காட்டுயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். செல்லப் பிராணிச் சந்தைக்காகப் பிடித்து விற்கப்படுவதும் காடு சுருங்குவதும் இதற்கு உண்மையான கேடு. அடித்துக் கொல்லாதீர்கள் என்று நாம் மன்றாடிச் சொல்வது இதற்காகத்தான்.

பழக்கமில்லாதவர்கள் இதைப் பிடிக்கவும் வேண்டாம். அறையில் இருந்து எல்லோரும் வெளியேறி, உள் கதவின் அடியில் துவாயைச் சுருட்டி அடைத்து, வெளி ஜன்னலைத் திறந்து, விளக்கை அணைத்துவிடுங்கள். இரவில் அது நடமாடும். பெரும்பாலும் தானே போய்விடும். காலையிலும் இருந்தால் வனசீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

வீட்டை ஒழுங்கு செய்வது

சிலந்தி வருவது தீனிக்கு. இஸ்தோப்பு வாசலுக்கு மேலேயே வெள்ளை பல்ப் எரிந்தால் விட்டில் வரும், பின்னால் சிலந்தி வரும். பல்பை வாசலில் இருந்து 2, 3 மீட்டர் தள்ளி மாற்றி, மஞ்சள் வெளிச்சத்துக்குப் போங்கள். வெளிக் கதவுகளின் அடியில் பல வீடுகளில் 2 செ.மீ. இடைவெளி இருக்கும், ஹாட்வெயார் கடையில் கதவடி ரப்பர் பட்டி வாங்கி ஆணியடியுங்கள். ஜன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்துக்கு நுளம்பு வலை. தகரக் கூரையின் நெளிவும் சுவரும் சேரும் இடத்திலும் வலைதான் வேண்டும். சிலர் அதைச் சீமெந்தால் முழுக்க அடைத்துவிடுகிறார்கள். காற்றோட்டம் நின்று, குளிர் இரவில் தகரத்தின் உட்புறம் நீர் கோத்து, ஒரு மழைக்காலத்துக்குள் சீலிங் பூஞ்சணம் பிடிக்கும்.

விறகை வீட்டுச் சுவரில் சாய்த்து அடுக்காமல் 30 செ.மீ. தள்ளி, கல் வைத்து நிலத்தில் இருந்து உயர்த்தி அடுக்குங்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும், ஒவ்வொன்றாகத் தரையில் தட்டி உள்ளே கொண்டுவாருங்கள். வெளிநாட்டில் இருந்து வந்த பிரிக்காத பெட்டிகள் மாதக்கணக்கில் அறை மூலையில் கிடந்தால் அவைதான் கரப்பானுக்கும் சிலந்திக்கும் வாடகையில்லா வீடு. சப்பாத்து, பூட்ஸ், தோட்டக் கையுறை எதையும் தட்டிப் பார்த்துப் போடுங்கள். இவ்வளவும் செய்தும் பயத்தில் தூக்கம் வராதவர்கள், கட்டிலைச் சுவரில் இருந்து 15 செ.மீ. இழுத்து, நுளம்பு வலை கட்டி அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். இதைவிட நம்பகமான வழி இல்லை.

கடித்தால்

வேட்டைச் சிலந்தி கடித்தால் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். விரலில் என்றால் வீங்கும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். வலிக்கு பரசிட்டமோல் போதும். ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) கடைசியாக எப்போது போட்டது என்று பாருங்கள். புலிச் சிலந்தி கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்: கடுமையான வலியோடு தசைப்பிடிப்பு வரும், அது நாட்கணக்கில் விட்டுவிட்டுத் தொடரலாம். இதற்கென்று விஷமுறிவு மருந்து இல்லை, ஆனால் வலியையும் பிடிப்பையும் குறைக்க டாக்டரால் முடியும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆஸ்திரேலியாவில் சிட்னி புனல்வலைச் சிலந்தி கடித்தால் போடும், இறுக்கிச் சுற்றும் பண்டேஜை இங்கே போடாதீர்கள். கீறுவது, உறிஞ்சுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம்.

கடித்ததைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால் சிலந்தி என்று முடிவு கட்டாதீர்கள். தேயிலைத் தோட்டங்களில் கோப்பி விரியன் பாம்பு சருகுக்குள் கிடக்கும். வீக்கம் ஏறினால் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

‘எட்டுக்கால் பூச்சி ஊர்ந்து கொப்புளம் போட்டது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் விசாரிக்க வேண்டும். காலையில் எழும்போது கழுத்திலோ கையிலோ கோடு இழுத்த மாதிரி எரியும் புண் இருந்தால், இரவில் விளக்குக்கு வந்த கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த சின்ன வண்டு ஒன்றை உடம்பில் நசுக்கியிருப்பீர்கள். அதன் உடற்சாறுதான் சுடுவது, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக, வலியோடு, கொத்துக் கொத்தாக எழும்பினால் அது அக்கி. சின்ன வயதில் வந்த கொப்புளிப்பான் அம்மையின் வைரஸ் நரம்பில் தங்கியிருந்து மறுபடி கிளம்புவது. மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். காவி பூசிக்கொண்டு ஒரு வாரம் காத்திருக்காமல் மறுநாளே டாக்டரைப் பாருங்கள்.