ஆறாத வயிற்றுப் புண்: வேக் கட்டா, சாதாரணக் கட்டா? ஒப்பிடும்போது நடக்கும் தவறுகள்

வயிற்றில் ஆபரேஷன் முடிந்து தையல் பிரிந்து, புண் வாரக்கணக்கில் திறந்தே கிடந்தால் வீட்டில் ஒரு கேள்வி எழும். சாதாரணக் கட்டே போதுமா, புண்ணுக்குள் ஸ்பான்ஜ் வைத்து நீரை உறிஞ்சி எடுக்கும் வேக் மெஷின் வேண்டுமா?

எது சீக்கிரம் ஆற்றும் என்று மட்டும் கேட்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மருத்துவமனைகளில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்று இதை நேரடியாக அளந்தது. 42 நாளுக்குள் புண் மூடியவர்கள் வேக் தரப்பில் நூற்றுக்குச் சுமார் 36 பேர், சாதாரணக் கட்டில் சுமார் 22 பேர். வேக் முந்தியது உண்மை. ஆனால் சராசரியில் மிச்சமானது ஏறக்குறைய 3 நாள்தான், புண் சார்ந்த பக்கவிளைவுகளும் வேக் தரப்பிலேயே அதிகம். வேக் வைத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தக் கெடுவுக்குள் புண் மூடவில்லை. கடன் வாங்கி மெஷின் வைக்க நினைப்பவர்களுக்கு இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, எல்லாப் புண்ணையும் ஒன்றாக எண்ணுவது. அந்த ஆய்வில் இருந்தவர்களுக்குத் தோலும் கொழுப்பும்தான் பிரிந்திருந்தன; அடியில் வயிற்றுச் சுவரின் உறுதியான உறை பிரியவில்லை. அதுவும் பிரிந்திருந்தால் கதை வேறு. குடல்மேல் ஸ்பான்ஜ் நேராகப் படக் கூடாது, குடலில் துளை விழலாம். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் கண்ட பலனையும் வயிற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது.

வேக் வைத்தாயிற்று என்றால் கவனம் வேண்டும். ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் மெஷின் நின்றிருக்கக் கூடாது. கரண்ட் போகும் ஊரென்றால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று முதலிலேயே கேளுங்கள். உள்ளே எத்தனை ஸ்பான்ஜ் துண்டுகள் என்பதைக் கட்டின்மேல் எழுதச் சொல்லுங்கள். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் புண் சீழ் பிடிக்கலாம்.

எந்தக் கட்டானாலும் பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்துவது பெரிய தவறு. புதுச் சதை வளர அந்தப் புரதம்தான் வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை அளவும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சிகரெட் கூடவே கூடாது.

கட்டு திடீரென்று இளஞ்சிவப்பு நீரில் நனைந்தாலோ, குடல் வெளியே தெரிந்தாலோ காத்திருக்காதீர்கள். குடல் தெரிந்தால் உள்ளே தள்ளாமல், சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.