மெட்ராஸ் டெரஸ் வீட்டைக் குடியிருப்புகளாக மாற்றுவோருக்கு

மயிலாப்பூர், எழும்பூர், புரசைவாக்கம் போன்ற பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டப்பட்ட பெரிய வீடுகள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. ஒன்றரை அடி கனமுள்ள சுண்ணாம்புச் சுவர்களும், பர்மா தேக்குக் கட்டைகள் தாங்கும் மெட்ராஸ் டெரஸ் தளமும், பின்பக்கம் கிணறும் கார் ஷெட்டும் கொண்ட அத்தகைய வீடு, உடன்பிறந்தவர்களின் பங்காக வந்து சேரும்போது, இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவதே ஒரே வழி என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அவசரமான முடிவு. பழைய கட்டடத்தில் மேலும் கீழுமாக இரண்டு வீடுகள், பின்புறம் புதிதாகச் சேர்க்கும் பகுதியில் இரண்டு வீடுகள், கார் ஷெட் இருந்த இடத்தில் ஒரே அறையில் சமையலும் படுக்கையும் அமைந்த ஸ்டூடியோ வீடு என ஐந்து குடும்பங்கள் வாழ அங்கே இடமுண்டு. இதற்கு ஒரே ஒரு விதியை உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்: தண்ணீர் புழங்கும் இடங்கள் அனைத்தும் புதிய கட்டடத்துக்குப் போக வேண்டும், பழைய கட்டடம் உலர்ந்தே இருக்க வேண்டும்.

ஏன் என்பதற்குத் தளத்தின் கட்டுமானமே பதில் சொல்லும். ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகளைப் பரப்பி, அவற்றின் மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டாக அடுக்கி, அதன் மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாட்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்தார்கள். இந்தத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 350 கிலோ எடையைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. இதன் மேல் குளியலறை அமைக்க விரும்பி, குழாய்களை மறைப்பதற்காக ஒரு அடி உயரத்துக்கு நிரப்பினால், அதே சதுர மீட்டரில் மேலும் 500 கிலோ ஏறிவிடும். எடையைவிடப் பெரிய ஆபத்து கசிவுதான். கான்கிரீட் தளத்தில் கசிவு கறையாகக் கண்ணில் படும். இங்கேயோ, கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருப்பதால், வெளியே எதுவும் தெரியாமலேயே அந்த முனை உளுத்துப்போகும்.

எனவே வேலையைத் தொடங்குவதற்கு முன், வடகிழக்குப் பருவமழை ஒன்றை வீட்டுக்குள் இருந்தபடியே கவனித்துவிடுவது நல்லது. எந்த மூலையில் ஓதம் ஏறுகிறது, எந்தச் சுவரில் உப்புப் பூக்கிறது, மொட்டைமாடியில் எங்கே நீர் தேங்குகிறது என்பதை வீட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கட்டையையும் அது சுவருக்குள் நுழையும் இடத்தில் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தேக்கு கணீரென்று ஒலிக்கும். உளுத்தது பொத்தென்று அடங்கும். ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் நல்ல கட்டையில் முனைகூட இறங்காது; கெட்டதில் இரண்டு விரற்கடை இறங்கி, காப்பித்தூள் போன்ற பொடியோடு வெளியே வரும். அப்படிப்பட்ட கட்டைகளை எண்ணிட்டுக் குறித்துவைத்து, பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் காட்டுங்கள். கான்கிரீட் மட்டுமே அறிந்தவர் இங்கே பயன்படமாட்டார்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு, வீடு பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்; இருந்தால், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் முகப்பில் கைவைக்க முடியாது. வரைபட அனுமதிக்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளே அடிப்படை. ஐந்து வீடுகளுக்குரிய வாகன நிறுத்துமிடத்தையும் பக்கவாட்டு இடைவெளியையும் காட்டிய பிறகு மிஞ்சும் இடமே புதிய கட்டடத்தின் அளவைத் தீர்மானிக்கும் என்பதால், இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

புதிய பகுதி பழைய சுவரின் மேல் சாயக்கூடாது. பழைய வீட்டின் அடிமண் பல பத்தாண்டுகளாக அமுங்கி நிலைபெற்றுவிட்டது. புதிய அஸ்திவாரமோ முதல் சில ஆண்டுகளில் சிறிதாவது இறங்கும். இரண்டையும் கம்பியாலும் சிமெண்டாலும் பிணைத்துவிட்டால், இறங்கும் பகுதி மற்றதையும் இழுத்து, சுவரில் மூலைவாட்டான விரிசலை உண்டாக்கும். அதனால் புதிய கட்டடத்துக்குத் தனித் தூண்கள், தனி அஸ்திவாரம் அமைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டு, மழைநீர் புகாதபடி மேலே தகட்டால் மூட வேண்டும். தகட்டின் ஒரு பக்கத்தை மட்டுமே பொருத்த வேண்டும். மறுபக்கம் நகர இடமிருக்கட்டும். பழைய அஸ்திவாரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டும்போது, முழு நீளத்துக்கும் ஒரே நாளில் தோண்டிவிடாமல், நான்கு அடி தோண்டிக் கட்டி முடித்த பிறகு அடுத்த துண்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வரைபட மேசையிலேயே தீர்த்துவிட வேண்டும். பழைய வீட்டில் தரையிலிருந்து மேல்தரை வரை பதினான்கு அடி உயரம் இருக்கும். இன்றைய வழக்கம் பத்து அடி. மாடி வீட்டுக்காரர்கள் தங்கள் குளியலறைக்குப் புதிய பகுதிக்குள் நடந்து போக வேண்டியிருப்பதால், இரு தரைகளும் ஒரே மட்டத்தில் அமைந்தாக வேண்டும். நாலு படி ஏறி இறங்கும் ஏற்பாட்டை முதியவர்கள் உள்ள வீட்டில் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். புதிய பகுதியையும் பதினான்கு அடிக்கே எழுப்பி, குளியலறைகளின் மேல் கிடைக்கும் நாலடியைப் பரணாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பழைய சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சு வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டுக் கூடத்தில், இடுப்பு உயரம் வரை உப்பால் உதிர்ந்த பூச்சைக் கொத்திவிட்டு, கொத்தனார் சொன்னார் என்பதற்காகச் சிமெண்டு பூசினோம். சுவர் பளிச்சென்று இருந்தது. ஆனால் இரண்டாவது மழைக்காலத்தில் அந்தச் சிமெண்டுக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து கொட்டத் தொடங்கியது. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி மேலே போனதுதான் காரணம். பிறகு சிமெண்டு முழுவதையும் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடை முழுக்க உலரவிட்டு, சுண்ணாம்பே பூசினோம். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றி, குறைந்தது இரண்டு வாரம் நீருக்குள் புளிக்கவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்து அரைத்த சாந்து அது. நீற்றும்போது தொட்டி கொதிக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரையும் அருகில் விடாதீர்கள்.

பழைய பகுதியை இரண்டு வீடுகளாகப் பிரிக்கும்போது, பளு தாங்கும் சுவரில் புதுவாசல் திறக்க நேர்ந்தால், முதலில் இருபுறமும் தளத்துக்கு முட்டுக் கொடுத்து, சுவரின் பாதிக் கனத்தில் ஒரு உத்தரம் பதித்து இறுகிய பின்பே மறுபாதியை உடைக்க வேண்டும். உளுத்த கட்டைகளையும் ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும். முனை மட்டும் கெட்டிருந்தால், கட்டையைக் கழற்றாமல் இருபக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட்டு போட்டு முடுக்கிவிடலாம். மின்கம்பிகளுக்காகச் சுவரைக் குறுக்கே வெட்டாமல், வெளியே தெரியும் குழாயிலேயே கொண்டுபோவது பழைய வீட்டுக்கு அழகாகவே இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் வாங்கிவிடுங்கள்.

கார் ஷெட்டின் சுவர்கள் பெரும்பாலும் ஒன்பது அங்குலமே இருக்கும். மேலே மங்களூர் ஓடு. ஓட்டைப் பிரித்து, சட்டங்களைச் சரிபார்த்து, ஓட்டுக்கு அடியில் பலகை அடித்துவிட்டால் ஸ்டூடியோவில் வெப்பம் குறையும். அதன் குளியலறையை ஷெட்டுக்குள் திணிக்காமல் புதிய பகுதியின் கழிவுநீர்க் குழாய் இருக்கும் பக்கத்தில் வெளியே நீட்டிக் கட்டி, சமையல் மேடையையும் அதே சுவரில் அமைத்தால், ஒரே குழாய் போதும்.

பூச்சு முடிந்தவுடன் பெயிண்ட் அடிக்க எல்லோரும் துடிப்பார்கள். பழைய சுவர்களை மட்டும் அடுத்த பருவமழை கழியும் வரை வெறுமையாக விட்டுவையுங்கள். தை மாதத்தில் ஓதம் எங்கும் ஏறவில்லை என்று உறுதியான பிறகு, சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, மெல்லிய சுண்ணாம்புக் கரைசலை மூன்று கை அடியுங்கள். எமல்ஷன் அந்தச் சுவர்களுக்கு ஆகாது.