ஒரு வாரம் எம்.பி. அலுவலகத்தில்: சீருடையோடு போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் 2001 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. எம்.பி.க்களும் செனட்டர்களும் (செனட் என்பது மேலவை) சில நாட்கள் முப்படைகளில் ஏதாவது ஒரு பிரிவோடு போய்த் தங்குவார்கள். பதிலுக்குப் படையில் இருப்பவர்கள், நாடாளுமன்றம் கூடுகிற வாரமாகப் பார்த்து கான்பெராவுக்கு வந்து ஒரு எம்.பி.யின் கூடவே இருந்து அவர் வேலையைப் பார்ப்பார்கள். உங்களுக்கு அந்த வாய்ப்பு வந்தால் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வராமல் இருக்க என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். ஆஸ்திரேலியாவில் படையைப் போருக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் ஓட்டு தேவையில்லை, அரசாங்கமே முடிவெடுக்கலாம். நிறைய பேர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு போய், தன் எம்.பி.யிடம் "நீங்கள் ஏன் எங்களை அங்கே அனுப்பினீர்கள்" என்கிற தொனியில் ஆரம்பிப்பார்கள், அவரோ எதிர்க்கட்சிப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். எம்.பி.யின் கையில் இருப்பது பட்ஜெட், சட்டம், கமிட்டி, கேள்வி. இவை எப்படி நகர்கின்றன என்று பார்க்கத்தான் போகிறீர்கள்.

கேள்வி நேரம் மதியம் 2 மணிக்கு. கண்டிப்பாகப் பாருங்கள், ஒரு நாள் போதும். அது கூத்து மாதிரி, நன்றாக இருக்கும், ஆனால் வேலை அங்கே நடப்பதில்லை. பார்வையாளர் மாடத்தில் கைதட்டவோ சத்தம் போடவோ கூடாது. சீருடையில் இருந்தால் சிரிப்பைக்கூட அளந்து சிரியுங்கள், எந்தக் கட்சியின் ஜோக்குக்குச் சிரித்தீர்கள் என்று கவனிக்க ஆள் இருக்கும். செனட்டின் எஸ்டிமேட்ஸ் விசாரணை நடக்கிற வாரமாக இருந்தால் அதிர்ஷ்டம்தான்: பாதுகாப்புத் துறை அதிகாரிகளையும் முப்படைத் தலைவரையும் உட்காரவைத்து, எவ்வளவு செலவு, ஏன் தாமதம் என்று மணிக்கணக்கில் குடைவார்கள். உங்கள் யூனிட்டில் ஒரு உதிரி பாகம் வரவில்லை என்று நீங்கள் புலம்புவது மேலே போகப்போக என்ன வடிவம் எடுக்கிறது என்பது அங்கே புரியும்.

மணி அடித்தால் பதறாதீர்கள். ஓட்டெடுப்புக்கு 4 நிமிடம் மணி அடிக்கும், கடிகாரத்தில் பச்சை விளக்கு மின்னினால் கீழவை, சிவப்பு என்றால் செனட். உங்கள் எம்.பி. பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவார், மரியாதைக் குறைவு இல்லை, நேரம் முடிந்தால் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதேபோல செவ்வாய்க்கிழமை காலை கட்சிக் கூட்டம், அதற்குள் உங்களுக்கு அனுமதி கிடையாது. அந்த நேரத்தை எம்.பி.யின் உதவியாளர்களோடு செலவழியுங்கள். முன்னாள் படைவீரரின் பென்ஷன் பிரச்சினையோ, குடும்பத்தோடு வீடு மாறியதில் பள்ளிக்கூடம் கிடைக்காத பிரச்சினையோ வந்தால் முதலில் ஃபோனை எடுப்பவர்கள் அவர்கள்தான். என்னைக் கேட்டால், மொத்த வாரத்தில் உருப்படியான பேச்சு அங்கேதான். இல்லையென்றால் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிற 'ஆஸீஸ்' காபிக்கடை வரிசையில், அங்கே பாதி நாடாளுமன்றமே நிற்கும்.

என்ன பேசலாம்? உங்கள் வேலை எப்படி இருக்கிறது என்பதைத் தாராளமாகச் சொல்லலாம். கொள்கை எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தவிர்த்துவிடுங்கள். "இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போஸ்டிங் மாறும்போது மனைவி ஒவ்வொரு முறையும் புதிதாக வேலை தேட வேண்டியிருக்கிறது" என்பது உங்கள் அனுபவம். "இந்தக் கட்சி வந்தால்தான் சரியாகும்" என்பது அரசியல். படைவீரர் தற்கொலைகளை விசாரித்த ராயல் கமிஷன் 2024 செப்டம்பரில் 122 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை கொடுத்தது, அதைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள், யோசித்துக்கொண்டு போங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடலாம். ரகசியமானதைப் பற்றிக் கேட்டால், அது உங்களால் சொல்ல முடியாத விஷயம் என்று அங்கேயே முடித்துவிடுங்கள், பொய் மட்டும் வேண்டாம்.

ஃபோட்டோ எடுப்பார்கள். எடுக்கும் முன்பே, சிரித்துக்கொண்டே, இது எங்கே போகும் என்று கேட்டுவிடுங்கள், தேர்தல் நோட்டீஸில் உங்கள் சீருடை வந்தால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

அப்புறம் அவர் முறை வரும். எம்.பி. உங்கள் முகாமுக்கு வரும்போது ரேங்க் இல்லாத சீருடை கொடுத்து நிற்கவைப்பார்கள், மேலதிகாரிகள் பவர்பாயிண்ட் போட்டுக் கொல்வார்கள். நீங்கள் அவரை ஸ்டோருக்கு, சமையல்கூடத்துக்கு, ஒழுகுகிற அந்தக் குளியலறைக்குக் கூட்டிப்போங்கள், அவர் வருகிறார் என்று பெயின்ட் அடிக்காமல். சாப்பாட்டு நேரத்தில் ஒரு ரேஷன் பேக்கை, அதாவது களத்தில் சாப்பிடக் கொடுக்கிற உணவுப் பொட்டலத்தைக் கொடுத்து, கூடவே டப்பா திறக்கவும் அள்ளிச் சாப்பிடவும் ஒன்றாகச் செய்த அந்த 'ஃபிரெட்' என்கிற சின்னத் தகரத்தையும் கையில் கொடுங்கள். எப்படித் திறப்பது என்று அவராகக் கேட்கும்வரை சொல்லாதீர்கள்.