ஃபார்வர்டு ஆகணும் மாஸ்டர்

பெரம்பூர் பக்கம் சாயங்காலம் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். சென்னை லீகில் ஃபார்வர்டாக ஆடி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போனவன் நான். புதிதாக வருகிற பையனிடம் எந்த பொசிஷன் என்று கேட்டால், பத்துக்கு எட்டுப் பேர், "ஃபார்வர்டு மாஸ்டர், ஒன்பதாம் நம்பர்" என்பார்கள். முன்னால் நடுவில் நின்று கோல் அடிக்கிற இடம் அது. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன் தம்பி.

முதலில் ஒரு கசப்பான சேதி. இந்தியாவில் ஒன்பதாம் நம்பர் இடம் உனக்காகக் காலியாக இல்லை. ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் தொடங்கியபோது ஒரு அணி ஆறு வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் களத்தில் இறக்கலாம். 2017-18-ல் அது ஐந்தானது, 2021-22-ல் நான்கானது. எண்ணிக்கை குறைந்ததே தவிர, கோல் அடிக்கிற இடத்தைப் பெரும்பாலான கிளப்கள் இன்னும் வெளிநாட்டுக்காரருக்குத்தான் வைத்திருக்கின்றன. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. தோற்றால் கோச்சின் வேலை போகும். கோலுக்குத்தான் அவர் முதலில் காசு செலவழிப்பார்.

அதனால் இரண்டாவது பொசிஷன் ஒன்று உன் கையில் இருக்க வேண்டும். நான் சொல்வது விங், அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஆடுகிற இடம். இந்திய அணியின் கேப்டனாக இருந்த சுனில் சேத்ரியையே எடுத்துக்கொள். 2017-18 சீசனில் பெங்களூரு எஃப்சியில் நடுவில் ஆடியது வெனிசுவேலாக்காரர் மிக்கு. சேத்ரி பெரும்பாலும் இடது பக்கம். மிக்கு 15 கோல், சேத்ரி 14. ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்று அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரவில்லை. நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகரும் விங்கர்தான். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை, கொல்கத்தா டெர்பி. மோகன் பகானை ஜெயித்து நாலரை வருஷம் ஆகியிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு, அன்றைக்கு 1-0 என்று ஜெயித்துக்கொடுத்த ஒரே கோல் அவருடையது. வலது கால்காரன் என்றால் இடது விங்கில் ஆடிப் பழகு. உள்ளே வெட்டி வந்தால் பந்து நல்ல காலில் இருக்கும். இன்னொரு காலையும் சும்மா விடாதே. அது பாஸ் கொடுக்க மட்டும்தான் என்று தெரிந்துவிட்டால் எதிர் பேக் உன்னை அந்தப் பக்கமே ஓட்டிவிடுவான்.

இனி கோல் அடிப்பது. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் செய்வது என்ன? முப்பது கஜத்திலிருந்து ஓங்கி உதைப்பது. பார்க்க நன்றாக இருக்கும், பந்து பொறுக்கப் போக நேரமும் போகும். மேட்சில் பெரும்பாலான கோல்கள் பெனால்டி ஏரியாவுக்குள்ளிருந்து, ஒரு தொடுதலில் விழுகின்றன. ஆகவே பெனால்டி புள்ளிக்கும் ஆறு கஜக் கோட்டுக்கும் நடுவில் நின்று பழகு. பக்கத்திலிருந்து ஒருவன் விதவிதமாகப் போடட்டும்: தரையோடு, முட்டி உயரம், துள்ளிக்கொண்டு. நிறுத்தாமல் ஒரே தொடுதல். வலுவாக அடிக்க வேண்டாம், உள்பாதத்தால் திசை திருப்பினால் போதும். சாய்வான இடத்திலிருந்து அடிக்கும்போது தூரத்துப் போஸ்டைக் குறி வைத்துத் தாழ்வாக அடி. கீப்பர் தட்டிவிட்டாலும் பந்து பெரும்பாலும் கோலுக்கு முன்னாலேயே விழும்; இன்னொருவன் தள்ளிவிடுவான்.

ஆனால் காலைவிடப் பெரிய வேலை கண்ணுக்கும் தோளுக்கும். டிஃபெண்டரின் முன்னால் போய் நிற்காதே. சென்டர் பேக்குக்கும் சைடு பேக்குக்கும் இடையில், இரண்டு பேரும் "அவன் பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிடுகிற இடைவெளியில் நில். பந்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், டிஃபெண்டரின் தோளுக்குப் பின்னால் போ. பந்தையும் உன்னையும் ஒரே பார்வையில் அவனால் பார்க்க முடியாது. கிராஸ் வருவதற்கு முன் இரண்டடி தூரத்துப் போஸ்ட் பக்கம் நகர்ந்து, அவன் கூட வந்ததும் சட்டென்று பக்கத்துப் போஸ்டுக்கு ஓடு. சேத்ரியின் உயரம் 170 செ.மீ. தான். ஆனாலும் தலையால் அத்தனை கோல் போட்டதற்கு இந்த நேரக் கணக்குதான் காரணம். இன்னொன்று, நிறையப் பேர் மறந்துவிடுவது: த்ரோ-இன், கார்னர், கோல் கிக் இவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. த்ரோ-இன் நேரத்தில் டிஃபென்ஸுக்குப் பின்னால் தாராளமாகப் போய் நிற்கலாம்.

அணிக்கு ஆள் எடுக்கிற ட்ரையல்ஸில் உனக்கு யாரும் பாஸ் தர மாட்டார்கள். வந்திருப்பவன் ஒவ்வொருவனும் தன்னைக் காட்டத்தானே வந்திருக்கிறான்! முன்னால் நின்று கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருப்பவனை எந்த கோச்சும் எழுதிக்கொள்வதில்லை. எதிரணி பந்தை எடுக்கும்போது துரத்து, பறி, நீயே கொண்டு போ. எந்த பொசிஷன் என்று கேட்டால் "லெஃப்ட் விங், நைன் ரெண்டும்" என்று சொல். வயதைக் குறைத்துப் போட்டு மட்டும் போகாதே. இளையோர் போட்டிகளில் இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள். மாட்டினால் ஆட்டமே போய்விடும்.

கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் நம் பையன்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பெரிய கிளப்பின் ரிசர்வ் அணி என்றதும் ஜெர்சியைப் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டு இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்ப்பார்கள். ஃபார்வர்டுக்கு ஆட நிமிடம் கிடைக்காவிட்டால் கோல் உணர்வு துருப்பிடித்துவிடும். போலந்தின் பெரிய ஃபார்வர்டு லெவாண்டோவ்ஸ்கியை 2006-ல், அடிபட்டிருந்த நேரத்தில், லெகியா வார்சா கழற்றிவிட்டது. அவர் போனது ஸ்னிச் ப்ருஷ்கூஃப் என்ற சின்ன கிளப்புக்கு. முதல் சீசனில் போலந்தின் மூன்றாம் டிவிஷனில் அதிக கோல் அவருடையது, அடுத்த சீசனில் இரண்டாம் டிவிஷனிலும் அவரே. 2008-ல் லெக் போஸ்னான், 2010-ல் ஜெர்மனியின் டார்ட்மண்ட். அங்கேயும் முதல் சீசனில் லூக்காஸ் பாரியோஸுக்குப் பின்னால் காத்திருந்து லீகில் 8 கோல்தான். அடுத்த சீசனில் 22.

சேத்ரி 2010-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்குப் போனார். பேருக்குப் பெரிய வாய்ப்பு, லீகில் ஒரு மேட்ச்கூட ஆடக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே திரும்பி வந்து கொல்கத்தாவில் ஆடினார். 2012-ல் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் பி அணி, அங்கேயும் சில ஆட்டம்தான். அதற்குப் பிறகும் சர்ச்சில் பிரதர்ஸோடு 2012-13 ஐ-லீக் பட்டம், பெங்களூருவோடு அடுத்த பட்டம். திரும்பி வருவதை அவர் அவமானமாக நினைக்கவில்லை. ஆகவே ஐஎஸ்எல் ரிசர்வா, சென்னை சீனியர் டிவிஷனில் முழு சீசனா என்று வந்தால், பத்தொன்பது வயதில் நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். வீட்டில் சண்டை வரும், வரட்டும்.

கான்ட்ராக்ட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. ஃபிஃபா விதிப்படி பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவனின் கான்ட்ராக்ட் மூன்று வருஷத்தைத் தாண்டக்கூடாது. பெரியவர்களுக்கு வழக்கமாக ஐந்து வருஷம் உச்சம். குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், எழுத்து மூலம் தெரிவித்துப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்த பிறகு, நியாயமான காரணத்தோடு விலகலாம். வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருக்காமல், நோட்டீஸ் எழுதி, அனுப்பியதற்கு ஆதாரம் வைத்துக்கொள். ஏஜென்ட் என்று ஒருவர் வந்தால் ஃபிஃபா லைசென்ஸ் இருக்கிறதா என்று கேள். அது ஃபிஃபா நடத்தும் பரீட்சையில் பாஸானால்தான் கிடைக்கும். "டீமில் இடம் வாங்கித் தர்றேன், இவ்வளவு கொடு" என்பவன் ஏஜென்ட் இல்லை. அப்பாவின் பிஎஃப் பணத்தில் கைவைக்காதே.

உடம்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபார்வர்டுக்கு முதலில் போவது பின் தொடை. ஃபிஃபாவின் 11+ வார்ம்-அப் இருபது நிமிஷ வேலை, அதில் அதற்கான பயிற்சி இருக்கிறது; வாரம் இரண்டு தடவையாவது செய். வலியோடு ஊசி போட்டுக்கொண்டு ஆடாதே. நெதர்லாந்து ஃபார்வர்டு மார்கோ வான் பாஸ்டனின் கணுக்கால் அவரை 28 வயதிலேயே களத்திலிருந்து இறக்கிவிட்டது. போதாததற்கு, வலிக்குப் போடுகிற கார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டு ஊசிகள் எல்லாமே 2022 முதல் போட்டி நேரத்தில் தடை செய்யப்பட்டவை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சளி மருந்தில்கூட, தடைப் பட்டியலில் இருக்கிற சூடோஎஃபெட்ரின் இருக்கலாம். எதை விழுங்கினாலும் டீம் டாக்டரிடம் காட்டிவிட்டு விழுங்கு.

வேலை பற்றி. ரயில்வே, ஐசிஎஃப், இன்கம் டாக்ஸ், பேங்க் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா வந்தால், "நான் ப்ரொஃபஷனல் ஆகப் போறேன்" என்று உதறிவிடாதே. 2025-26 ஐஎஸ்எல் சீசன் நேரத்துக்குத் தொடங்கவில்லை. லீகை நடத்தும் உரிமைக்கான ஒப்பந்தத்தில் சிக்கல். அந்த ஆகஸ்டில் சில கிளப்கள் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. சந்தோஷ் டிராஃபி (மாநிலங்களுக்கு இடையிலான போட்டி), பல்கலைக்கழக, மாநில அணி சான்றிதழ்களையெல்லாம் லேமினேட் செய்யாமல் ஃபைலில் போட்டு வை. சில ஆபீஸில் பின்பக்க முத்திரையைப் பார்ப்பார்கள்.

இருபத்திரண்டு வயதாகியும் யாரும் கூப்பிடவில்லை என்று வருகிறவர்களும் உண்டு. இங்கிலாந்து ஃபார்வர்டு ஜேமி வார்டி 2012-ல் லெஸ்டருக்கு வந்தபோது வயது 25, அதற்கு முன் லீகுக்கு வெளியே இருந்த ஃப்ளீட்வுட்டில் ஆடிக்கொண்டிருந்தார். பிரீமியர் லீகில் அதிக கோல் அடித்த விருது 2019-20-ல், 33 வயதில். ஆனால் வார்டியைக் காட்டி வீட்டில் காலத்தை ஓட்டாதே. இருபத்தைந்து வரை ஒவ்வொரு சீசனும் ஏதாவது ஒரு டிவிஷனில் முழுசாக ஆடியிரு. அத்தோடு இந்திய ஃபுட்பால் சம்மேளனமான ஏஐஎஃப்எஃப் நடத்தும் கோச்சிங் டி லைசென்ஸை முடித்து வை. விண்ணப்பம் அவர்கள் இணையதளத்தில் இருக்கும்.