நாற்பதைத் தாண்டி முதல் மாரத்தான், அதுவும் ஒரு நல்ல காரியத்துக்காக

மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே யாருக்காக ஓடுகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். 42.195 கிலோமீட்டருக்கு உடம்பைப் பழக்க மாதக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் விடியற்காலையில் உங்களை எழுப்பப் போவது அந்தக் காரணம்தான். நான் ஓடியது, வீட்டுக்கே வந்து வலி தணிப்பு சிகிச்சை தரும் ஒரு அமைப்புக்காக. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் புண் வராமல் எப்படி ஒருக்களித்துத் திருப்புவது, முழங்கால்களுக்கு நடுவே தலையணையை எப்படி வைப்பது என்று அவர்களுடைய செவிலியர்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நன்கொடை கேட்டபோது இதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

சரி, பயிற்சிக்கு வருவோம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் இருந்தது என எதையும் மறைக்க வேண்டாம். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நின்றுவிடுங்கள்.

ஓடியே பழக்கமில்லாதவர்கள் ஏறக்குறைய ஒரு வருடம் ஒதுக்குவது நல்லது. முதலில் நடையும் மெதுவோட்டமும், அப்புறம் 16 முதல் 20 வாரப் பயிற்சித் திட்டம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் மெதுவாகத்தான் பழகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தை மளமளவென்று கூட்டினால் குதிகாலும் முழங்காலும் மாட்டிக்கொள்ளும். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓடினால் போதும். இரண்டு நாள் இடுப்புக்கும் கெண்டைக்காலுக்கும் வலுப்பயிற்சி செய்யுங்கள். இந்த வயதில் அதைத் தவிர்க்கவே கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் வாரக் கடைசியின் நீண்ட ஓட்டம். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். நடுநடுவே ஒரு நிமிடம் நடக்கலாம். படிப்படியாக 30 கிலோமீட்டர் வரை போய்விட்டு, கடைசி இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்துவிடுங்கள். பந்தயத்தில் பலருக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்து, கால் நகர மறுக்கும். அதனால் பசி வரும்வரை காத்திருக்காமல், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து ஆரம்பத்திலிருந்தே உள்ளே போக வேண்டும். ஓடும்போது சாப்பிடும் மாவுச்சத்து ஜெல்களில் எது வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதைப் பயிற்சியிலேயே பார்த்துவிடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். மடக் மடக்கென்று அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஷூவின் நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும், நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

நன்கொடை திரட்டுவதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். சில பந்தயங்களில் தொண்டு அமைப்பு மூலமாக இடம் கிடைக்கும். குறைந்தபட்சத் தொகை சேராவிட்டால் மீதியை நாமே கட்ட வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் உங்கள் பொறுப்பு. கொடுப்பவர்களின் பணம் நேரே அமைப்பின் கணக்குக்குப் போகட்டும். முதல் தொகையை நீங்களே போடுங்கள். குழுவில் பொதுவாக ஒரு செய்தி போட்டால் எல்லோரும் படித்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். பெயர் சொல்லி, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள். அந்தப் பணம் எதற்குப் பயன்படும் என்று ஒரே வரியில் சொன்னால் போதும்.

வயதாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பஞ்சாபில் பிறந்த ஓட்டக்காரர் ஃபௌஜா சிங்கைப் பற்றி. 2000-ஆம் ஆண்டு லண்டனில் தன் முதல் மாரத்தானை ஓடியபோது அவருக்கு வயது 89. குறைமாதக் குழந்தைகளுக்கான பிளிஸ் அமைப்புக்காக ஓடினார்.

பந்தயத்தன்று முதல் 10 கிலோமீட்டரை, போதாது என்று தோன்றுகிற அளவுக்கு மெதுவாக ஓடுங்கள். முடித்ததும் உட்கார்ந்துவிடாமல் கொஞ்ச நேரம் நடங்கள். அந்த வாரத்துக்குள் நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் நன்றியோடு, மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்ற கணக்கையும் அனுப்பிவிடுங்கள்.